திருப்பூரில் ஆர்கானிக் பருத்திச் சட்டை தைத்து வாங்குவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் கொடுப்போருக்கு

தைப்பூசத் தொண்டூழியர்களுக்கு டி-சட்டை, தமிழ்மொழி விழாவில் பங்கேற்கும் பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை, வீட்டிலிருந்தபடி இணையத்தில் விற்கக் குழந்தை ஆடை என்று சிங்கப்பூர்த் தமிழர்கள் திருப்பூருக்குக் கொடுக்கும் ஆர்டர்களில் பல சிறியவை. முந்நூறு சட்டையிலிருந்து ஆயிரம் சட்டைக்குள் அடங்கிவிடுபவை. இப்போது அவற்றில் "ஆர்கானிக் காட்டன்தான் வேண்டும்" என்ற நிபந்தனையும் சேர்ந்து வருகிறது. நல்ல விருப்பம்தான். ஆனால் பருத்தி எந்த வயலில் விளைந்தது என்பதோடு நம் அக்கறை நின்றுவிட்டால், சாயக் கழிவும் தையல் தொழிலாளியின் இரவு வேலையும் இருந்தபடியே இருக்கும். அவ்விரண்டையும் பெருமளவுக்குத் தீர்மானிப்பவை நாம் எழுதி அனுப்பும் ஆர்டரில் உள்ள நிறம், விலை, தேதி ஆகிய மூன்றுதான். எனவே இந்த வழிகாட்டி சான்றிதழ்களில் தொடங்கினாலும் அந்த மூன்றுக்கே அதிக இடம் ஒதுக்குகிறது.

முதலில் தாள்கள்

தைத்து முடித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலுள்ள பருத்தி இயற்கை வேளாண்மையில் விளைந்ததா என்று உறுதியாகக் கண்டறியும் சோதனை கிடையாது. பூச்சிமருந்தின் எச்சத்தைத் தேடலாம். ஆனால் வெளுத்துச் சாயமேற்றிய துணியில், சாதாரணப் பருத்தியாக இருந்தாலும், எச்சத்தின் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போயிருக்கும். மரபணு மாற்றிய விதையில் விளைந்ததா என்பதைப் பஞ்சு நிலையில் சோதிக்க முடியும். நூற்று, வெளுத்து, சாயமேற்றிய பிறகு டி.என்.ஏ. சிதைந்துவிடுவதால் நம்பிச் சொல்ல முடியாது. இந்தியாவில் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்த பிறகு பருத்தி நிலத்தின் மிகப் பெரும்பகுதி அதற்கு மாறிவிட்டது, பி.டி. அல்லாத நல்ல விதையைத் தேடிப் பிடிப்பதே இயற்கை உழவருக்குப் பெரும்பாடு. ஆகவே வயலிலிருந்து சட்டை வரை சரக்கு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எழுதப்படும் தாளே சாட்சி.

அந்தத் தாள்களில் இரண்டு வகை பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று, குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட் எனப்படும் ஜி.ஓ.டி.எஸ். இது பஞ்சின் பிறப்பை மட்டுமல்லாமல் சாயம், சலவை (துணியை வெளுத்தல்), கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் பார்க்கிறது. இழையில் குறைந்தது 95 விழுக்காடு ஆர்கானிக்காக இருந்தால் ஒரு தரம். குறைந்தது 70 விழுக்காடாக இருந்தால் அடுத்த தரம். மற்றொன்று, ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட் எனப்படும் ஓ.சி.எஸ். இது சட்டையில் ஆர்கானிக் இழை எவ்வளவு உள்ளது என்பதை மட்டுமே பின்தொடர்கிறது. அந்த இழைக்கு எந்தச் சாயம் போட்டார்கள், யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து தைத்தார்கள் என்பது அதன் வேலையன்று. விலைப்புள்ளியில் "ஆர்கானிக் சர்ட்டிஃபைடு" என்று மட்டும் எழுதியிருந்தால், இவ்விரண்டில் எது என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஆலைக்குரிய சான்றும் சரக்குக்குரிய சான்றும் வேறு வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்கோப் சர்ட்டிஃபிகேட் என்பது ஆலைக்குத் தரப்படுவது; இந்த ஆலை இன்னின்ன வேலைகளை நெறிமுறைப்படி செய்யத் தகுதி பெற்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. டிரான்சாக்ஷன் சர்ட்டிஃபிகேட் என்பது குறிப்பிட்ட சரக்குக்குத் தரப்படுவது. விற்றவர், வாங்கியவர், எடை, விலைப்பட்டியல் எண் எல்லாம் அதில் இருக்கும். முதலாவதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஆர்டருக்குச் சாதாரண நூலைப் போட்டு முடிப்பது மிக எளிது. போலித் தாளும் இத்துறைக்குப் புதிதன்று: 2020 அக்டோபரில், போலிச் சான்றுகளின் பேரில் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக்காகக் காட்டப்பட்டதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டறிந்து அறிவித்து, 11 நிறுவனங்களைத் தடைசெய்தது.

ஆகவே ஸ்கோப் சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்ததும் அதிலுள்ள உரிம எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையத்தளத்தின் பொதுத் தரவுத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பின்னிணைப்பைப் புரட்டி, நிட்டிங், டையிங், பிரின்டிங், தையல் ஆகிய ஒவ்வொன்றும் எந்த முகவரியில் நடப்பதாக எழுதியிருக்கிறது என்று படியுங்கள். திருப்பூரில் எல்லா வேலையும் ஒரே கூரையின்கீழ் நடப்பது அரிது. துணி ஒரு தெருவில் பின்னப்பட்டு, இன்னொரு பகுதியில் சாயமேறி, மூன்றாவது இடத்தில் தைக்கப்படும். பட்டியலில் இல்லாத ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை செய்து தரும்) பட்டறைக்கு ஒரு வேலை போனாலும் சான்றின் சங்கிலி அங்கே அறுந்துவிடும். எம்பிராய்டரியும் பிரின்டிங்கும்தான் பெரும்பாலும் இப்படி வெளியே போகின்றன. டிரான்சாக்ஷன் சர்ட்டிஃபிகேட் கப்பல் கிளம்பிய பிறகே வரும் என்பதால், அதைத் தர வேண்டிய கடமையை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். அதன் பேரில் பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். பாதிப் பணத்தை நிறுத்திவைத்தால் அது கடைசியில் யாருடைய வாரக் கூலியில் விழும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சிங்கப்பூர் ஆர்டர்களில் அடிக்கடி காணும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சான்று பெற்ற வெற்றுச் சட்டைகளைத் தருவித்து, முத்திரையை (லோகோவை) இங்குள்ள ஓர் அச்சுக்கடையில் போட்டுக்கொள்வது செலவிலும் நேரத்திலும் சிக்கனமாகத் தோன்றும். அந்த அச்சுக்கடைக்குச் சான்று இல்லையென்றால் முடிந்த சட்டைக்கும் சான்று இல்லை; அதன் மீதோ அதற்கான விளம்பரத்திலோ ஜி.ஓ.டி.எஸ். பெயரைக் குறிப்பிடக் கூடாது. திரை அச்சில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மையில் பி.வி.சி. இருப்பதால் நெறிமுறை அதை அடியோடு விலக்குகிறது. முத்திரையும் திருப்பூரிலேயே, நீர் சேர்த்த பிக்மென்ட் மையில், பட்டியலில் உள்ள பட்டறையில் போடப்பட வேண்டும்.

நிறம்

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் குறைவாகவும், கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு ஆகியவற்றுக்கு மிக அதிகமாகவும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு தங்காது, கழிவுநீரோடு இறங்கிவிடும். பல ஆண்டுகள் அந்த நீர் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகில் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போக, ஆயக்கட்டு (அணையின் பாசனப் பரப்பு) உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப் பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டே அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. இன்று நேர்மையாக நடக்கும் பட்டறையின் கழிவுநீர், தன் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ போய், ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டப்பட்டு, எஞ்சும் உப்புக் கரைசல் ஆவியாக்கப்பட்டு, நீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடியும் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன.

இது பெரிய சாதனைதான். ஆனால் ஆவியாக்குவதற்கு எரிபொருள் நிறைய வேண்டும், மீட்டெடுக்க முடியாத கலப்பு உப்பும் மிஞ்சுகிறது. எனவே, சான்று எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், கறுப்புச் சட்டையின் சுமை வெளிர் சட்டையின் சுமையைவிட அதிகம். நிகழ்ச்சிக்குப் பொருந்துமானால் சாயமே போடாத கோரா நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. பளிச்சென்ற வெள்ளை அதற்குச் சமமன்று. அதற்கும் சலவை தேவை. ஜி.ஓ.டி.எஸ். குளோரின் சலவையை அனுமதிப்பதில்லை என்பதால், பெராக்சைடில் வெளுத்த துணி சற்றே மென்மையான வெள்ளையாக இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளும் மனம் வாங்குபவருக்கு இருக்க வேண்டும். இயற்கைச் சாயம் என்றதும் உடனே தலையசைக்கவும் வேண்டாம். நிறம் பிடிக்க எந்த உலோக உப்பைச் சேர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும்; நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அவற்றில் பல சீக்கிரம் வெளுக்கின்றன, சீக்கிரம் வெளுத்த சட்டை சீக்கிரம் குப்பைக்குப் போகிறது.

எத்தனை நிறம் என்பதும் கணக்கில் வரும். ஒரு கிலோ துணியில் பெரியவர்களுக்கான டி-சட்டை நான்கோ ஐந்தோ வெட்டலாம். அப்படியானால் 300 சட்டைக்கு 60 முதல் 75 கிலோ துணி போதும். இதை நான்கு அணிகளுக்கு நான்கு நிறம் என்று பிரித்தால் நிறத்துக்குப் பதினைந்து, பதினெட்டு கிலோதான் வரும். அவ்வளவு சிறிய அளவுக்குச் சாய இயந்திரத்தை ஓட்டினால் கிலோவுக்கு ஆகும் நீரும் வெப்பமும் கூடும். அல்லது குறைந்தபட்ச அளவுக்குச் சாயமேற்றி மிச்சத் துணியை ஆலை எங்காவது தள்ளிவிடும். ஒரே நிறத் துணியில் அணிக்கொரு நிற முத்திரை போட்டுக்கொள்வது இதற்கு நல்ல மாற்று. சாயப் பட்டறையின் பெயரைக் கேட்டு, அதற்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் உள்ளதா, கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். விடை சொல்லத் தயங்கும் ஆலையோடு மேலே பேசுவதில் பயனில்லை.

விலையும் கூலியும்

"ஒரு சட்டை என்ன விலை?" என்று கேட்டால் ஓர் எண்தான் கிடைக்கும், அந்த எண்ணை அடித்துப் பேசும்போது எது குறைகிறது என்று நமக்குத் தெரியாது. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி முன்கூட்டியே இறுக்குவது), கட்டிங்-தையல்-செக்கிங், பிரின்டிங், பேக்கிங், சான்றிதழ்ச் செலவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். நூல் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது; டையிங்கில் குறைத்தால் கழிவுநீரில் கை வைத்ததாகும். எனவே அடித்துப் பேசும் பேச்செல்லாம் கடைசியில் தையல் கூலியில்தான் போய் முடிகிறது. அந்த வரியைத் தொட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்ல வழக்கம்.

கூலி பற்றிக் கேட்கும்போது "மினிமம் வேஜஸ் கொடுக்கிறோம்" என்ற பதிலோடு நிற்க வேண்டாம். திருப்பூரில் வேலை ஷிஃப்ட் கணக்கில் ஓடுகிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிஃப்ட். அந்தக் கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு அரை ஷிஃப்ட் கூலியே கொடுப்பது பல இடங்களில் வழக்கம். இந்தியச் சட்டமோ மிகை நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் கேட்கிறது. ஆகவே "ஒன்றரை ஷிஃப்ட் ஓடினால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று அவர்கள் பேச்சு வழக்கிலேயே கேளுங்கள்; விடை அங்கேயே தெரிந்துவிடும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் தையல்காரர்களுக்கு மட்டுமா, காண்ட்ராக்டர் மூலம் வரும் செக்கிங், பேக்கிங் ஆட்களுக்கும் உண்டா என்றும் கேளுங்கள். பீஸ் ரேட்டில் (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைப்பவர்கள் இருந்தால், ஒரு நாள் வரும்படி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஜி.ஓ.டி.எஸ். நெறிமுறை, கொடுக்கும் ஊதியத்துக்கும் கண்ணியமாக வாழத் தேவையான ஊதியத்துக்கும் உள்ள இடைவெளியை ஆலை கணக்கிட வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கைக் காட்டச் சொல்வது வாங்குபவரின் நியாயமான கோரிக்கையே.

தையலுக்கு முந்திய கட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. கோவை, திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகள் சிலவற்றில், மூன்றாண்டு முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் உலகளவில் கண்டனத்துக்கு ஆளானது. திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி ஒருவர் 2021இல் கொல்லப்பட்டதை அடுத்து, பெரும்பான்மையாகப் பெண் தொழிலாளர்களைக் கொண்ட ஒரு தொழிற்சங்கமும் ஆலை நிருவாகமும் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் பாலியல் வன்முறையைத் தடுக்க 2022இல் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இதில் ஒரு திருப்பம். நம்முடைய சிறு ஆர்டரால் அத்தகைய ஒப்பந்தம் எழுதவைக்க முடியாது. ஆனால் நூல் எந்த ஆலையிலிருந்து வருகிறது, விடுதியில் தங்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர முடிகிறதா, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைய வேண்டிய பாலியல் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க முடியும்.

இந்த இடத்தில் நமக்குள்ள ஒரு வசதி ஐரோப்பிய வாங்குநர்கள் பலருக்கு இல்லை: மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தையல் வரிசையில் இருக்கும் அக்காவிடம் நேரடியாகப் பேசலாம். ஊருக்குப் போகும்போது ஒரு நாளைத் திருப்பூருக்கு ஒதுக்கி, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் காட்டும் மாதிரி அறையைத் தாண்டி, டீ நேரத்தில் வெளியே நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஆனால் இன்று அங்கே தைப்பவர்களில் ஏராளமானோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவர்கள். தமிழில் பேசி முடித்துவிட்டு எல்லோரிடமும் விசாரித்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அவர்களின் தங்குமிடமும் ஊருக்குப் போகும் விடுப்பும் தனியே கேட்க வேண்டியவை.

தேதி

எனக்குத் தெரிந்தவரை, நல்லெண்ணத்தோடு தொடங்கும் சிங்கப்பூர் ஆர்டர்கள் தடுமாறுவது இங்கேதான். குழு கூடி வடிவமைப்பை முடிவு செய்ய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, ஆலைக்கு ஆறு வாரம் கொடுப்பார்கள். மாதிரிச் சட்டை பார்த்துத் திருத்துவது, சான்றுள்ள நூலை வரவழைப்பது, பின்னுவது, சாயமேற்றுவது, தைப்பது, கப்பலில் அனுப்புவது என்று எல்லாவற்றுக்குமாக நான்கு மாதம் வைத்துக்கொள்வது நியாயம். அதற்குக் குறைந்தால், இரவு ஷிஃப்டும், பட்டியலில் இல்லாத பட்டறையும், கோவையிலிருந்து விமானச் சரக்கும் தாமாகவே உள்ளே வந்துவிடும்.

திருப்பூரின் நாள்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் உடனே திரும்புவதில்லை; பொங்கலுக்கும் ஊர் காலியாகிவிடும். சனவரியிலோ பிப்ரவரியிலோ வரும் தைப்பூசத்துக்கு நவம்பரில் ஆர்டர் கொடுத்தால், தீபாவளி விடுப்புக்கும் பொங்கல் விடுப்புக்கும் இடையிலுள்ள சில வாரங்களில் எல்லாவற்றையும் தைத்தாக வேண்டும்; இருமடங்கு ஊதியம் கொடுத்தாலும் அது நல்ல ஆர்டர் ஆகாது. தைப்பூசத்துக்கு ஆகஸ்டு இறுதிக்குள்ளும், ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவுக்கு நவம்பருக்குள்ளும் நூல் உறுதியாகிவிட வேண்டும். ஆர்டர் போட்ட பிறகு நிறத்தையோ எழுத்துருவையோ மாற்றினால் அதற்குரிய நாள்களைத் தேதியோடு கூட்டிக்கொடுங்கள்.

துணியும் அளவும்

நம் புழுக்கத்துக்கு 30ஆம் கவுண்ட் (நூலின் நுண்மை அளவு) கோம்டு (சீவிய) நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி, 150 முதல் 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), பொருத்தமாக இருக்கும். மாதிரிச் சட்டையை வீட்டுச் சலவை இயந்திரத்தில் மூன்று நான்கு முறை துவைத்து, வீவக வீட்டு ஜன்னலுக்கு வெளியே கம்பில் காயப்போட்டு, நீளத்தையும் அகலத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கினால் காம்பாக்டிங் சரியில்லை. யாருக்கு எந்த அளவு என்பதை ஆர்டருக்கு முன்பே படிவத்தில் வாங்கிவிட வேண்டும். உத்தேசமாக எல்லா அளவிலும் கொஞ்சம் கூடுதலாகத் தைத்து வைப்பதுதான் பிற்பாடு பெட்டி பெட்டியாக மிஞ்சுகிறது.

பேக்கிங்கில் சட்டைக்கொரு பிளாஸ்டிக் உறை வேண்டாம் என்று எழுதுங்கள். ஆனால் கப்பல் பெட்டியின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அட்டைப்பெட்டிக்குள் ஒரு பெரிய உறையும் ஈரமுறிஞ்சும் பொட்டலமும் தேவைப்படும். இதில் பிடிவாதம் பிடித்து முழுச் சரக்கையும் இழப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூருக்குள் கொண்டுவருதல்

இது எளிது. ஆடைக்கு இங்கே சுங்கத் தீர்வை இல்லை. சரக்கின் மதிப்பு, காப்புறுதி, கப்பல் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை மீது 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. வணிக இறக்குமதி என்றால் நிறுவனப் பதிவு எண்ணும் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையில் செயல்படுத்திய கணக்கும் வேண்டும். அனுமதிப் பத்திரத்தைச் சரக்கு முகவரே எடுத்துத் தருவார்.

சட்டையில் என்ன எழுதலாம்

ஆலையே தைத்து, ஆலையே சான்றின் முத்திரையைப் பதித்து, நீங்கள் பிரிக்காமல் மாற்றாமல் பயனீட்டாளருக்கு நேரடியாக விற்றால் உங்களுக்குத் தனிச் சான்று தேவையில்லை. முத்திரையில் தரம், சான்றளித்த அமைப்பின் பெயர், உரிம எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மற்றக் கடைகளுக்கு மொத்தமாக விற்கப் போகிறீர்கள் என்றால் சான்றளிக்கும் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"பசுமையானது", "பூமிக்கு உகந்தது" போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆதாரமில்லாத கூற்று பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்கீழ் சிக்கலாகலாம். அதைக் கவனிப்பது சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம். "ஆர்கானிக் பருத்தி 91 விழுக்காடு தண்ணீரை மிச்சப்படுத்துகிறது" என்ற வாசகம் இன்னும் பல இடங்களில் உலவுகிறது. அது 2014இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. பெரும்பாலும் மழையை நம்பிய ஆர்கானிக் வயல்களை வேறு வட்டாரங்களின் பாசன வயல்களோடு ஒப்பிட்டதால் கிடைத்த எண் அது. உங்கள் சட்டைக்கு அது பொருந்தும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாறாக, தைத்த ஊர், சாயப் பட்டறையின் கழிவுநீர் ஏற்பாடு, தையல் கூலியாகக் கொடுத்த தொகை என்று தெரிந்ததை மட்டும் எழுதினால் வாங்குபவர் கேள்வி கேட்கவும் முடியும், நீங்கள் பதில் சொல்லவும் முடியும்.

மிஞ்சியதும் அடுத்த ஆர்டரும்

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி 2022இல் சிங்கப்பூரில் சுமார் 2,54,000 டன் துணி, தோல் கழிவு சேர்ந்தது. மறுபயனீடு செய்யப்பட்டது அதில் 2 விழுக்காடுதான். ஆண்டு எண்ணைச் சட்டையில் அச்சிடாமல் விட்டாலே மிஞ்சியவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அளவு பொருந்தாதவற்றைத் தேக்கா நிலையத்து மாடியில் உள்ள தையல்காரர்களிடம் கொடுத்துச் சிறுவர் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வெட்டும்போது விழும் பிட் துணியை என்ன செய்கிறார்கள் என்று ஆலையிடம் கேட்டு, முடிந்தால் அதிலேயே சட்டையை இட்டுத் தரும் பைகளைத் தைத்து வாங்குங்கள்.

அடுத்த ஆர்டரை அதே ஆலைக்கு, அதே துணியில், இன்னும் முன்னதாகக் கொடுங்கள். வேலை குறைந்த மாதத்தில் தைத்துக்கொள்ளலாம் என்று தேதியை ஆலையின் விருப்பத்துக்கு விட்டால் அவர்களே விலையில் இறங்கிவருவார்கள். விலை பேச நினைப்பவர் அப்போது பேசலாம்.